‘காதலிக்க நேரமில்லை’யை மேடையில் பாட்டு நாடகமாகப் போட்டால் எடுபடுமா?

செம்பனைக்காட்டான் எழுதியது:

வணக்கம். ஊர் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா. பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் புரியும்.

பள்ளிக்கூட நிதிக்காக வருஷா வருஷம் ஒரு கலை இரவு நடத்துவோம். பத்து ஆட்டம், பதினைந்து பாட்டு, நடுவில் பேச்சு, அதிர்ஷ்டக் குலுக்கு. இந்த வருஷம் பழைய மாணவர்கள் பதினான்கு பேர் சேர்ந்து முழு நீளப் பாட்டு நாடகம் போடுகிறோம் என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டோம். எடுத்துக்கொண்டது ‘காதலிக்க நேரமில்லை’, ஸ்ரீதர் 1964இல் எடுத்த படம். அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒன்றுதான்: அது எஸ்டேட் கதை. முதலாளி பாலையா வேலையை விட்டுத் தூக்குகிறார், ரவிச்சந்திரன் அவர் வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு உட்காருகிறார். எங்கள் ஊரில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். வசனம் நன்றாகவே போகிறது. பாட்டு வந்ததும் நாடகம் படுத்துவிடுகிறது. படத்தில் ஆழியாறு, மலை, ஈஸ்ட்மன் கலர். எங்களிடம் இருப்பது பதினெட்டடி மேடை. ஜோடி இரண்டு சுற்று வந்ததும் இடம் தீர்ந்துவிட்டது, பாட்டில் இன்னும் இரண்டு சரணம் பாக்கி. பையன் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

பாட்டைக் குறைப்பதா? பின்னால் ஆட்டக்காரர்களை விடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ராத்திரிஷோ எழுதியது:

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஜனங்கள் வருவதே அந்தப் பாட்டுக்காக. மைனஸ் ஒன் டிராக்கை (பாடகர் குரல் இல்லாத இசையை) போட்டு நல்லாப் பாடுகிற நாலு பேரைப் பாடவிடுங்கள், கை தட்டிவிட்டுப் போவார்கள். நடுவில் கதை எதுக்கு? எல்லாருக்கும் தெரிந்த கதைதானே.

கிள்ளான்காரி எழுதியது:

ராத்திரிஷோ அண்ணே, நீங்கள் சொல்வது கலை இரவு. தம்பி கேட்பது நாடகம்.

நான் கோலாலம்பூரில் சில வருஷம் மேடைப் பின்னணியில் வேலை பார்த்தவள். விளக்கு, திரை, ஓடி ஓடி நாற்காலி மாற்றுவது. அங்கே கற்ற சின்ன சோதனை ஒன்று உண்டு. பாட்டு தொடங்கும்போது பாத்திரம் எந்த மனநிலையில் இருந்ததோ, முடியும்போதும் அதிலேயே இருந்தால், மேடையில் அந்தப் பாட்டு இடைவேளைதான். ஆள் எழுந்து கழிவறைக்குப் போவான்.

படத்தின் ஜோடிப் பாட்டுகளை இப்படிப் பார்த்துவிடுங்கள். முதல் வரிக்கு முன்பே காதல் வந்தாயிற்று, கடைசி வரிக்குப் பிறகும் அதே காதல்தான். சினிமாவில் இது குறையே இல்லை. கேமரா நகர்கிறது, புடவை மாறுகிறது, மலை தெரிகிறது, விஸ்வநாதன் ராமமூர்த்தி மெட்டு இருக்கிறது, கண்ணதாசன் வரி இருக்கிறது. மேடையில் முதல் மூன்றும் போய்விடும்.

அந்தப் படத்திலேயே இந்தச் சோதனையில் தேறுகிற பாட்டு ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ (படத்தில் பாலையாவின் பெயர் விஸ்வநாதன்). அதில் ஒருவன் ஒன்றைக் கேட்கிறான். கேட்கப்படுகிறவர் எதிரிலேயே இருக்கிறார். கொடுப்பாரா மாட்டாரா என்று நாம் காத்திருக்கிறோம். அது பிறவியிலேயே மேடைப் பாட்டு.

வெளியூர் உதாரணம் ஒன்று. 1937இல் ஹங்கேரியில் மிக்லோஷ் லாஸ்லோ எழுதிய நாடகம், 1940இல் ஹாலிவுட்டில் படமானது. ஒரே கடையில் வேலை பார்க்கும் இருவர் நேரில் சண்டைக்கோழிகள். முகம் தெரியாமல் கடிதத்தில் காதலர்கள். அது 1963இல் நியூயார்க்கில் ‘ஷி லவ்ஸ் மி’ என்ற பாட்டு நாடகமானது. அதில் நாயகி உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருக்கிறாள். சண்டைக்காரன் ஐஸ்கிரீம் வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போகிறான். அவள் முகம் தெரியாத காதலனுக்குக் கடிதம் எழுத உட்காருகிறாள். இரண்டு வரி எழுதுவதற்குள் மனசு ஐஸ்கிரீமுக்குப் போய்விடுகிறது. மறுபடி எழுதுகிறாள், மறுபடி ஐஸ்கிரீம். பாட்டு முடியும்போது அவளுக்குத் தெரியாமலே ஆள் மாறியாயிற்று. ஒரு நாற்காலி, ஒரு தாள், ஒரு பெண், அவ்வளவுதான். பதினெட்டடி மேடை தாராளம்.

செம்பனைக்காட்டான் எழுதியது:

அக்கா, சோதனை போட்டுப் பார்த்தோம். நாங்கள் எடுத்த ஆறு பாட்டில் ஒன்றுதான் தேறியது. மீதி ஐந்தை என்ன செய்ய?

ஆர்மோனியப்பெட்டி எழுதியது:

இந்த இழையை என் பேரன் காட்டினான். நான் தட்டச்சுவதில் மெதுவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லாரும் சினிமாவிலிருந்து நாடகத்துக்கு எப்படிப் போவது என்று கேட்கிறீர்கள். நம்முடைய வழக்கம் தலைகீழ். ‘சர்வர் சுந்தரம்’, ‘எதிர் நீச்சல்’, ‘காசேதான் கடவுளடா’ எல்லாம் நாடகமாக ஓடியபின் படமானவை. அதற்கும் முந்தி, பாட்டும் காதலும் கேலியும் கலந்த நாடகம் நம்மிடம் இருந்தது. எங்கள் தாத்தா அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காப்பி ஆறிவிடும். ‘வள்ளி திருமணம்’. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியது.

அதைச் சாமி நாடகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் குருவி விரட்டுகிறாள். காவல் வேலை, சம்பளம் கிடையாது. முருகன் வேடன் வேஷத்தில் வந்து, மான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். அவள் விடுவாளா? அங்கே தொடங்குகிறது தர்க்கம். அவன் ஒரு பாட்டில் கேட்பான், அவள் ஒரு பாட்டில் வெட்டுவாள். அப்பன் வருகிற சத்தம் கேட்டால் அவன் வேங்கை மரமாகி நிற்பான். பிறகு தாடி வைத்த கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்பான், விக்கல் என்பான், தண்ணீர் என்பான். கடைசியில் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்து அவளைப் பயமுறுத்துவான். பயந்துபோய் அவள் கட்டிக்கொள்வது கிழவனை.

அங்கே பாட்டு என்றால் வாய்ச்சண்டை. ஒவ்வொரு பாட்டுக்கும் எதிர்ப்பாட்டு உண்டு, யார் ஜெயிப்பது என்று சபை பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் வேறு வேறு ஊரிலிருந்து வந்து அன்றைக்குத்தான் சந்திப்பார்கள். வள்ளி வேஷக்காரி கெட்டிக்காரியாக இருந்தால் தர்க்கம் நீண்டுகொண்டே போகும். முருகனுக்கு வியர்த்துவிடும்.

உங்கள் ஜோடி ஏன் சுற்றிச் சுற்றி ஓடுகிறது தெரியுமா? அவர்களுக்குள் சண்டை இல்லை. மேடையில் இருவரும் ஒத்துப்போய்விட்டால் பாடுவதற்கு விஷயம் தீர்ந்தது.

செம்பனைக்காட்டான் எழுதியது:

ஐயா, கும்பிடுகிறேன். முத்துராமன் நரைமுடியும் தாடியுமாகக் கிழவர் வேஷம் போட்டு, தன் நண்பனுக்கே அப்பாவாக நடிக்க வருவது, வள்ளியிடம் வந்த கிழவன்தானே! இத்தனை வருஷம் இந்தப் படத்தைப் பார்க்கிறேன், தோன்றவே இல்லை.

ராத்திரிஷோ எழுதியது:

ஒட்டுத்தாடி காமெடிக்கு இன்றைக்குப் பொடியன்கள் சிரிப்பார்களா? இன்னொரு பெரிய சிக்கல், பாலையாவை யார் செய்வது? நாகேஷ் பேய்க்கதை சொல்லும்போது அந்த மனிதர் முகம் போகிற போக்கு! அதுதான் காட்சியே. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு முகம் தெரியாது. பெரிய திரை வைத்து முகத்தைக் காட்டப் போகிறீர்களா? அப்படியென்றால் படத்தையே போட்டுவிடலாமே.

கிள்ளான்காரி எழுதியது:

முகத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்தக் காட்சியின் எலும்பைப் பாருங்கள். ஒருவர் கதை சொல்கிறார், ஒருவர் பயந்துகொண்டே கேட்கிறார். அதற்கு மேடைதான் வீடு. ஸ்ரீதரோடு அந்தப் படத்துக்கு எழுதிய சித்ராலயா கோபு நாடகக்காரர், பின்னால் ‘காசேதான் கடவுளடா’வையும் எழுதியவர். அந்தக் கை தெரிகிறது.

முகம் செய்ததை உடம்பு செய்ய வேண்டும். கேட்கிறவருக்கு ஒரு நாற்காலி கொடுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நாற்காலி ஓரடி பின்னால் போகட்டும். கதை முடியும்போது அவர் மேடையின் மறுகோடியில் இருப்பார். ஆனால் பாலையா மாதிரியே செய்யாதீர்கள், நாகேஷ் மாதிரியே பேசாதீர்கள். மிமிக்ரி முதல் நிமிஷம் கைதட்டல் வாங்கும், பத்தாவது நிமிஷம் கொட்டாவி வாங்கும்.

மூணாம்லயம் எழுதியது:

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ‘வேலை வேண்டும்’ பாட்டைப் பற்றி வந்ததால் எழுதுகிறேன்.

அந்தப் படத்தை நான் தோட்டத் திடலில் பார்த்தேன். வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். முன்பக்கம் கிராணிமார் (தோட்டக் கணக்கர்கள்) குடும்பங்களுக்கு நாற்காலி, நாங்கள் பாயோடு துணிக்குப் பின்பக்கம். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாரும் இடக்கையை நீட்டுவார்கள். சினிமாக்காரர்களுக்கு வலக்கைப் பழக்கமே கிடையாது என்று என் தங்கை ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாட்டுக்குத் திடலே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஏற்கெனவே பல இடங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தை விற்று, வாங்கினவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்த காலம். அமைச்சர் சம்பந்தன் 1960இல், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதே அதற்காகத்தான். அப்புறம் 1969 வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றார்கள். அப்பாவிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு, குடியுரிமை இல்லாதவர்களுடையது. பக்கத்து வீட்டில் சட்டி பானையை விற்றுவிட்டு ரஜூலா கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனார்கள். அந்த வீட்டுப் பெண் எனக்கு ஒரு ரிப்பன் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பாவுக்குப் பெர்மிட் கிடைத்துவிட்டது, ஆனால் கிடைக்கும்வரை தினமும் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். சாயந்திரம் வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பார். கேலியாகத்தான். அம்மா, ‘வாயை மூடுங்க’ என்பாள்.

அந்தப் பாட்டை நாலு காலேஜ் பையன்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு ஆடினால் எங்கள் ஊரில் அது பாதிப் பாட்டுதான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ராத்திரிஷோ எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னது மனசைப் பிடித்துவிட்டது. ஆனாலும் தம்பிக்கு ஓர் எச்சரிக்கை. நம்ம ஆட்களிடம் தோட்டம் என்று சொன்னால் உடனே ஷெனாய் வந்துவிடும், இருமல் வந்துவிடும், தாய் சாவாள். சிரிக்க வந்தவர்களை அழவைத்து அனுப்பாதீர்கள்.

மூணாம்லயம் எழுதியது:

அழவைக்கச் சொல்லவில்லை தம்பி. அப்பா சிரித்தார் என்றுதானே எழுதினேன். பின்பாட்டு யார் பாடுவது என்பதுதான் என் கேள்வி. கூடாரத்தில் அவன் தனியாகப் பாடட்டும். முதல் தடவை லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) யாரும் வாய் திறக்க மாட்டார்கள், பயம். இரண்டாம் தடவை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலிருந்து ஒரு கிழவி மட்டும் பாடுவாள். மூன்றாம் தடவை எல்லாரும். அதற்குப் பிறகு துரை வெளியே வந்துதானே ஆகவேண்டும்?

கிள்ளான்காரி எழுதியது:

அக்கா, நீங்கள் இயக்க வாருங்கள். நான் நாற்காலி மாற்றுகிறேன்.

வக்கீல்குமாஸ்தா எழுதியது:

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், அனுமதி வாங்கினீர்களா? யாரும் கேட்கவே இல்லையே.

மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படி எழுத்துக்கும் இசைக்கும் பாதுகாப்பு, ஆக்கியவர் இறந்து 50 ஆண்டுவரை. கண்ணதாசன் மறைந்தது 1981இல், ஆகவே பாட்டு வரிகள் 2031 முடியும்வரை. ராமமூர்த்தி 2013, விஸ்வநாதன் 2015, ஆகவே மெட்டுகள் அதற்கும் வெகுகாலம் பின்னால். மேடையில் ஒரு பாட்டைப் பாடுவது வேறு, ஒரு படத்தின் கதையையும் வசனத்தையும் எடுத்து நாடகமாக மாற்றுவது வேறு. பாடுவதற்கு உரிமம் வாங்கிவிட்டால் இரண்டாவதும் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. கதைக்கு உரிமையுள்ளவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். பள்ளி நிதிக்குத்தானே என்பது பதில் ஆகாது, டிக்கெட் விற்கிறீர்கள்.

எரிச்சலாக இருக்கும், தெரியும்.

செம்பனைக்காட்டான் எழுதியது:

எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. குழுவில் ஒருவர், ‘யார் கேட்கப் போகிறார்கள், பேசாமல் போடு’ என்றார். எனக்கு மனசு வரவில்லை. அதோடு, உங்கள் பதில்களை எல்லாம் மறுபடி படித்தபோது, எங்களுக்குப் பிடித்தது அந்தப் படத்தில் எது என்று ஒரு சந்தேகம் வந்தது. கூடாரம் பிடித்தது. பொய்க்கிழவன் பிடித்தது. இரண்டில் ஒன்று முருகனுடையது, அவர் வழக்குப் போட மாட்டார். மற்றது எங்கள் ஊரில் ஆபீஸ் வாசலில் நின்ற எல்லாருடையதும்.

கிள்ளான்காரி எழுதியது:

பாட்டையும் கதையையும் கையில் வைத்திருக்கிறவர்களே மேடைக்குப் போகும்போது எல்லாவற்றையும் புதிதாகச் செய்ததுண்டு. 1995இல் ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ எடுத்த ஆதித்ய சோப்ராவே அதை ஆங்கிலத்தில் மேடையேற்றினார், 2022இல் சான் டியாகோவில், 2025இல் மான்செஸ்டரில். உலகத்துக்கே தெரிந்த பாட்டுகள் கையில் இருந்தும், விஷால்–சேகரை வைத்துப் புதுப் பாட்டுகள் போட்டார். அது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் லண்டனில் வளர்ந்த இந்தியப் பையன் ராஜை, ரோஜ் என்ற வெள்ளைக்காரனாக மாற்றினார்கள். அதற்குப் பலர் கோபப்பட்டார்கள், நானும்தான். நம்ம வீட்டுப் பையன் ஊர் திரும்பிப் பெண் வீட்டு மனசை ஜெயிப்பதுதானே கதை? மெட்டை மாற்றலாம், வரியை மாற்றலாம். யாருடைய கதை என்பதை மாற்றினால் கதையே வேறு.

ஆகவே தம்பி, பெயரையும் பாட்டையும் வசனத்தையும் விட்டுவிடுங்கள். உங்கள் ஊரிலேயே வையுங்கள்.

செம்பனைக்காட்டான் எழுதியது:

வைத்தாயிற்று. தோட்டத்துக்குப் பெயர் கிடையாது, ஆனால் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். (இந்த நாட்டில் முதன்முதலாகச் செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை, வியாபாரத்துக்காக நட்டது எங்கள் ஊர்த் தென்னமரம் தோட்டத்தில், 1917இல். நட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே பின்னால் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொங்கூர் இலக்கியப் பரிசு வாங்கினார். நாடகத்துக்குச் சம்பந்தமில்லை, பெருமைக்காகச் சொன்னேன்.)

கதை இதுதான். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போடுகிற காலம். ஆள் குறைக்கிறார்கள். பெரிய கிராணியார் செக்ரோலில் (ஆள் பெயர்ப் பதிவேட்டில்) ஒரு பையன் பெயரை அடித்துவிடுகிறார். பையன் அவர் வீட்டுக்கு எதிரே கூடாரம் போடுகிறான். கிராணியார் மகள் அவனை விரட்ட வருகிறாள். காதல் கிடையாது, தர்க்கம். பையனின் நண்பன் ஒட்டுத்தாடியோடு தலைமை ஆபீஸ் பெரியவராக வருகிறான். கிராணியார் அவரை உட்காரவைத்து விருந்து போடுகிறார். மீதியைச் சொல்ல மாட்டேன், டிக்கெட் வாங்குங்கள்.

மொத்தம் நாலே பாட்டு. மெட்டுக்கு ஆர்மோனியப்பெட்டி ஐயா ஒத்துக்கொண்டார். தர்க்கப் பாட்டின் தொடக்கம் மூணாம்லயம் அக்கா எழுதியது (பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது):

அவள்: பெரட்டுக்கு வராத ஆளுக்குப் பேரெதுக்கு ஏட்டுல?
அவன்: பேரை வெட்டின பேனா இருக்கே உங்கப்பன் சட்டைப் பையில!
அவள்: வேலையத்த ஆளுக்கு வீறாப்பு என்ன கெடக்கு?
அவன்: வேலை போனா என்ன புள்ள, வாசல் இங்க கெடக்கு!

ராத்திரிஷோ எழுதியது:

நல்லா இருக்கு. ஆனால் ‘ஏட்டுல’வுக்கு ‘சட்டைப் பையில’ சேரவில்லை. பாடும்போது தடுக்கும்.

ஆர்மோனியப்பெட்டி எழுதியது:

தடுக்கத்தான் செய்கிறது. நேற்று வாசித்துப் பார்த்தேன். ‘சட்டைப் பையில’ இரண்டு அட்சரம் மிஞ்சி நிற்கிறது. யோசிக்கிறேன்.

செம்பனைக்காட்டான் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் முதல் வாசிப்பு. முப்பது பேர் வந்தார்கள், பாதி பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மைக் இல்லை, டிராக் இல்லை, ஆர்மோனியமும் ஒரு மிருதங்கமும்தான்.

ஒட்டுத்தாடிக்குப் பொடியன்கள் சிரித்தார்கள், ராத்திரிஷோ அண்ணன் கவனிக்கவும். வேலைப் பாட்டில் மூன்றாம் தடவை வந்தபோது எங்கள் ஆட்கள் பாடுவதற்கு முன்பே பின்வரிசையில் யாரோ பாடிவிட்டார்கள். மெட்டு புதுசு, வரி புதுசு, எப்படிப் பிடித்தார்கள் தெரியவில்லை.

தர்க்கப் பாட்டின்போதுதான் கூத்து. அவன் ‘பேனா இருக்கே சட்டைப் பையில’ என்று பாடியதும் தூணோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார். அந்தக் காலத்தில் நாற்பது வருஷம் கிராணி வேலை பார்த்தவர். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். ‘பேனாவா? எவன் பேனாவில் செக்ரோல் போட்டான்? பென்சில்! அதுவும் பையில் இல்லை, காதில்!’ என்று காதில் விரலைச் செருகிக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஐயா உடனே வாசித்துப் பார்த்தார்.

பெரட்டுக்கு வராத ஆளுக்குப் பேரெதுக்கு ஏட்டுல?
பேரை வெட்டின பென்சில் இருக்கே உங்கப்பன் காதுல!

சேர்ந்துவிட்டது.

இனி வேண்டியது ஒன்றுதான். யாரிடமாவது பழைய கேன்வாஸ் கூடாரம் இருக்கிறதா? இரண்டு பேர் படுக்கிற அளவு போதும். பசார் மாலாம் (இரவுச் சந்தை) கூடாரம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், அதை விரித்தால் கிராணியார் வீட்டுக்கு மேடையில் இடம் இருக்காது.